நாலாவது ஊசி

ஐயர் கண்ணாடியைத் தேடுகிறார். தேடட்டும். அங்கிக்குள் கைவிட்டுத் துழாவுகிறார், பிரசங்க மேடையில் தடவுகிறார். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது, காலையில் துடைத்து அங்கே வைத்தவனே நான்தான், ஆனாலும் எழுந்துபோய்ச் சொல்லப்போவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் கோயில்குட்டியாராக இருந்து, மணியடித்து, பெருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, எந்த ஐயரையும் எதையும் தேட விட்டவன் இல்லை இந்த மாசிலாமணி. இன்றைக்குத் தேடட்டும். கண்ணாடி கிடைக்காவிட்டால் காகிதத்தை வாசிக்க முடியாது, வாசிக்காவிட்டால் நான் எழுதினது எழுதாததுபோல ஆகிவிடும். ஆகுமா? ஞானரத்தினம் அக்கா பெட்டிக்குள் கையைக் கோர்த்துக்கொண்டு கிடக்கிறாள், ரோஜா மாலை வாசனையும் யாரோ தாராளமாகத் தெளித்த சென்ட் வாசனையும் மின்விசிறியில் சுற்றிச்சுற்றி மணிக்கயிற்றடியில் என் முக்காலிவரை வருகிறது. எங்கள் பக்கத்தில் அடக்க ஆராதனையில் செத்தவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி வாசிக்கிறது வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம், கல்யாணம், பிள்ளைகள் பேர், மருமக்கள் பேர் எல்லாம் வரும். அதில் பேர் வராதவர் அந்தக் குடும்பத்தில் இல்லாதவர். இந்தக் கோயிலில் அதை எழுதுகிறவன் நான். ஐயர் கையில் இருக்கிற ஒன்றரைப் பக்கம் என் கையெழுத்து. என் சட்டைப்பையில் இன்னொரு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, அதுவும் என் கையெழுத்துதான். அவர் கையில் இருப்பதில் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். என் பையில் இருப்பதில் நாலு. அந்த நாலாவது, வயலட், கடைசி பெஞ்சில் ஓரமாக, எனக்கு நாலு முழத் தூரத்தில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாளாம். முன்னால் வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஐயர் பாட்டுப் புத்தகத்தைத் தூக்குகிறார். கண்ணாடி கிடைத்துவிட்டது.

"சகோதரி ஞானரத்தினம் அம்மாள் அவர்கள், தேவபக்தியுள்ள பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்து..." மைக் ஒருதரம் கீச்சென்று கத்தி அடங்குகிறது. என் எழுத்தை இன்னொருத்தர் வாயில் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், இன்றைக்கு உள்ளங்கால்கூட வேர்க்கிறது. அஞ்சாவதோடு நின்றவன் நான். சுண்ணாம்பு அடிக்க இந்தக் கோயிலுக்குள் வந்தேன், அடித்து முடித்தும் வெளியே போகவில்லை, அவ்வளவுதான் என் சரித்திரம். எழுத்து வந்தது சீயோனம்மாள் செத்தபோது. மணிக்கூண்டில் புறா எச்சம் சுரண்டுகிற கிழவி, சொந்தம் பந்தம் கிடையாது. அப்போதிருந்த பழைய ஐயர், "ஏல மாசிலாமணி, அவளோட தினமும் வாயாடுனவன் நீதான், நீயே எழுது" என்றார். எனக்கு என்ன எழுதத் தெரியும், ஒன்பது வரி எழுதினேன். பிறந்த தேதி தெரியாது, தெரியாது என்றே எழுதினேன். கடைசியில், இந்த அம்மாள் கல்லறைத் தோட்டத்துக்குள் போகும்போதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவாள், கேட்டால் உள்ளே ஆள் தூங்குது என்பாள், என்று எழுதினேன். ஐயர் வாசிக்கும்போது ஜனம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. அன்றைக்குக் கோயில் பூட்டும்போது ஐயர் என் தோளைப் பிடித்து, "பிரசங்கம் பண்ண ஆயிரம் பேர் வருவான். ஒருத்தி வாழ்ந்ததை வாழ்ந்தபடி எழுத ஒருத்தன் வரமாட்டான். இது உனக்கு வந்த அழைப்புடா, சாக்குல கட்டிப் பரண்மேல போட்டுராத" என்றார். அழைப்பு. அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், புதுச்சட்டையைப் பிரித்துப் பார்க்கிறதுபோல. அதிலிருந்து ஒரு சட்டம் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். ஒரு ஆளுக்கு ஒரு மெய். மற்றதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான், பிறந்தார் வளர்ந்தார். அந்த ஒரு மெய் மட்டும் அந்த ஆளுக்கே உரியதாக இருக்கவேண்டும். பொய் ஒன்றுகூட எழுதினதில்லை என்று ஜெபத்தில் ஆண்டவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் அப்போது என்ன நினைத்திருப்பார். பொறு, இன்னும் ஒரு சாவு இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

"தமது பதினாறாம் வயதில் திடப்படுத்தல் பெற்று, தையற் கலையில் தேர்ச்சியடைந்து..." தேர்ச்சியடைந்து என்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. போன மாசம் என்னைக் கூப்பிட்டனுப்பி, கட்டிலில் சாய்ந்துகொண்டு, "என் சரித்திரத்த நான் கேக்கணும் தம்பி. செத்த பொறவு நீ என்ன எழுதுனா எனக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள். "தையல்ல தேர்ச்சியா? ஐயரம்மாவுக்கு ஒரு கை நீளமா வச்சித் தச்சேனே, அதையும் எழுது" என்று இருமி இருமிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அழகா எழுதாத தம்பி. சரியா எழுது" என்றாள். அந்தச் சொல்தான் மூன்று நாளாக என் காதுக்குள் ஈ மாதிரி. அழகா எழுதாத, சரியா எழுது. பிள்ளைகள் என்று வந்ததும், "நாலு. வயலட்டு பேரச் சேத்து எழுது. கடைசில வயலட்டுன்னு சத்தமா வாசிக்கச் சொல்லு ஐயர" என்றாள். நான் பேனாவை நிறுத்தினேன். அவள் பார்த்துவிட்டாள். தலைமாட்டில் கிடந்த துணிப்பந்தை எடுத்துக் காட்டினாள். அதில் வரிசையாக நாலு ஊசி, நாலிலும் நூல். நாற்பது வருஷமாகத் தினம் விடிந்ததும் நாலு ஊசியிலும் நூல் கோர்த்து வைப்பாளாம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பிள்ளை பேரைச் சொல்லி ஜெபிப்பாளாம், அப்புறந்தான் மிஷினில் உட்காருவாளாம். "மூணு ஊசியத் தச்சித் தீத்துருவேன். நாலாவது ஊசி இருவது வருசமா சும்மா கோத்துச் சும்மா உருவுதேன்." கண் மங்கின பிறகு எப்படி அக்கா கோர்க்கிறாய் என்று கேட்டேன். "பேரச் சொன்னா நூல் போவுது" என்றாள். இதுதான் இவளுடைய ஒரு மெய் என்று எனக்குள் ஒரு துள்ளல். வெட்கம் கெட்ட துள்ளல், சாகக் கிடக்கிறவள் முன்னால். எழுதுகிறவன் நெஞ்சில் இந்தத் துள்ளல் இருக்கிறதே, இது அழைப்பில் சேர்த்தியா, இல்லை, அழைப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற அழுக்கா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தத் துள்ளல்தானே வயலட்டைக் கொன்றது. கொல்லவில்லை, இதோ உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள், முன்நெற்றி மட்டும் நரைத்து. ஆனாலும் கொன்றதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்துநாலு வயசு, கோயில் பூட்டுகிற நேரத்தில் வந்து நின்றாள். "மாமா, தயாளன் அண்ணன் நம்ம சபைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலைக்குக் குடுத்த சர்டிபிகேட் பொய்யி. ட்ரெய்னிங் படிச்ச பிள்ள ஒருத்தி, தகப்பன் இல்லாதவ, அவளுக்கு வரவேண்டிய எடம். பிஷப் ஐயாவுக்கு எழுதணும். எனக்கு எழுதத் தெரியும், சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்." நான் எழுதியே கொடுத்தேன். அவள் தன் கையெழுத்தில் அதைப் பார்த்து எழுதினாள். அவள் கேட்டது, அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று, அவ்வளவுதான். நான் ஒரு வரி சேர்த்தேன். இப்படிப்பட்டவர் பிள்ளைகள் முன்னால் நிற்பது சபையின் முகத்தில் பூசிய கரி. "இந்த வரி வேணுமா மாமா?" என்று கேட்டாள். "ஏட்டி, அதுதான் வரி" என்றேன். நாக்கில் வெல்லம் வைத்ததுபோல இருந்தது எனக்கு. தயாளனுக்கு வேலை போயிற்று, அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது, அது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடிதம் சபைக் கமிட்டிக்கு வந்தபோது, கூட்டத்தில் அந்த ஒரு வரியைத்தான் சத்தமாக வாசித்தார்கள். முகத்தில் பூசிய கரி. தெருவில் சின்னப் பிள்ளைகள்கூடத் தயாளனைக் கரிவாத்தியார் என்றார்கள். வேலை போனதை அவன் மன்னித்திருப்பான். அந்தப் பேரை மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வெளியே அவள் பெட்டியை வைத்தான். அப்போதும் வயலட், நான்தான் எழுதினேன், நான் மட்டும்தான் எழுதினேன் என்றே சொன்னாள். இங்கே, இதே முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கயிற்றில் முடிச்சு ஒன்று பிரிந்திருந்தது, அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் போட்டேன்.

"...அவர்களைத் திருமணம் செய்து, இல்லறத்தை நல்லறமாக..." வந்துவிட்டது, அடுத்த வரி அதுதான். ஐயா, கொஞ்சம் இருமுங்கள், தண்ணீர் குடியுங்கள். முந்தாநாள் மத்தியானம் தயாளன் என் வீட்டுக்கு வந்தான். இப்போது கமிட்டிச் செயலர், கண்ணாடிக்கடை முதலாளி, நல்லபடியாகத்தான் இருக்கிறான். போன மாசம் நான் எழுதிக் கொடுத்து அக்கா வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, "கோயில்குட்டியாரே, நல்லா எழுதியிருக்கீரு. ஒரு எடத்துல மட்டும் பிசகியிருக்கு. எங்க அம்மைக்கு மூணு பிள்ளைக" என்றான். "அக்கா சொல்லித்தான் எழுதினேன்." "அம்மைக்குக் கடைசில நெனவு தடுமாறிட்டு. நீரு தடுமாறாதயும்." பிறகு மேலே கூரை ஓடுகளைப் பார்த்தான். "கோயில் வீட்டுல எத்தன வருசமா இருக்கீரு?" "முப்பத்தெட்டு." "ம். மழைக்கு முன்ன ஓடு மாத்தணும்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்திருக்கீரே, பாத்தேன்." அவ்வளவுதான் பேச்சு. ஓட்டுக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. எழுபத்துநாலு வயசில் இருக்கிற கூரை போய்விடுமே என்று பயந்தவனை ஆண்டவர் மன்னித்துவிடுவார். ஆனால் காரணம் ஓடு இல்லை. வயலட் பேர் மைக்கில் வந்தால் அந்தக் கடிதம் வரும், கடிதம் வந்தால் அந்த வரி வரும், அந்த வரி யாருடையது என்று யாராவது கேட்பான். கேட்கமாட்டான். கேட்டால்? நான் பேனாவை எடுத்தேன். முதல் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டாவதை எழுதினேன். நாலு என்ற இடத்தில் மூன்று. வயலட் என்ற இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி. தயாளன் பேர்கள் இருக்கிற இடத்தை மட்டும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போனான். ஆண்டவர் எழுதினதே ஒரே ஒருதரம்தான், ஒருத்தியைக் கல்லெறிய வந்தவர்கள் முன்னால், விரலால், மண்ணில். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வாசித்தவன் எல்லாம் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். நானும் எழுதுகிறேன். நான் எழுதினதை வாசித்தால் கல்லை எடுத்துக்கொள்ளலாம்.

"கர்த்தர் இவர்களுக்கு மூன்று பிள்ளைகளை ஈவாகத் தந்தார்." இப்போது எழுந்திரு மாசிலாமணி. எழுந்து, ஐயா அது தப்பு என்று சொல். நாலே சொல், ஐயா, அம்மாவுக்கு நாலு பிள்ளைகள். பையில் காகிதம் இருக்கிறது, நெஞ்சோடு ஒட்டி வேர்வையில் நனைந்து சூடாக இருக்கிறது. "மூத்த மகன் தயாளன், அவரது மனைவி..." இன்னும் நேரம் இருக்கிறது. முழங்காலில் கையை ஊன்றினேன். எப்போதும் எழுந்திருக்கும்போது ஊன்றுகிறதுதான், முழங்கால் பழக்கப்படி முன்னால் வந்தது, இடுப்பு வரவில்லை. "இரண்டாவது மகன் கிங்ஸ்லி, அபுதாபி..." வயலட்டின் பின்கழுத்து தெரிகிறது. சின்னப் பிள்ளையில் ஞாயிறு பள்ளியில் நான் பாட்டு நம்பர் பலகையில் அட்டை மாட்டும்போது ஓடிவந்து, நான் சொல்லுதேன் மாமா நான் சொல்லுதேன் என்று நம்பரை வரிசையாகக் கூப்பிடுவாள், ஒன்றுகூடத் தப்பாது. "மகள் புளோரா, அவரது கணவர்..." ஐயர் மூச்சு எடுக்கிறார். முற்றுப்புள்ளியில் மூச்சு எடுக்கிறார். அந்த முற்றுப்புள்ளி நான் வைத்தது. இந்த மூச்சுக்குள் எழுந்தால் போதும். வயலட் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "...மற்றும் ஏழு பேரப்பிள்ளைகள்." போயிற்று. பஸ் போய்விட்ட பிறகு நிற்கிற ஆளைப்போல நான் என் முழங்காலில் கையை ஊன்றியபடியே இருக்கிறேன். ஒரு அழைப்பு இவ்வளவு சத்தமில்லாமலா போகும்? கோயில் கூரை விழவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. முன்வரிசையில் தயாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறான்.

"அம்மையார் அவர்கள் தினமும் அதிகாலையில் நான்கு ஊசிகளில் நூல் கோர்த்து, ஒவ்வோர் ஊசிக்கும் தம் பிள்ளைகளில் ஒருவரின் பேரைச் சொல்லி ஜெபித்த பின்பே தையலில் அமருவார்கள்." என்ன வாசித்தார்? நான்கா? நான்கு என்றா வாசித்தார்? மாற்றினேனே. மாற்றினேனா? பேர் இருக்கிற பத்தியை மாற்றினேன், புள்ளி வைத்தேன், பிறகு இந்தப் பத்தி, அந்த ஒரு மெய், அதில் எனக்கிருந்த ஆசையில் முந்தினதில் இருந்தபடியே எழுத்துக்கு எழுத்து, அழகாக, சாய்க்காமல்... தயாளனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மாதர் சங்கத்துப் பெஞ்சில் ஒரு கிழவி மடக்கின விரலை விரிக்கிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, பக்கத்துக் காதில் ஏதோ கேட்கிறாள், அந்தக் காது இன்னொரு காதுக்குத் திரும்புகிறது. "பேர் மூணுதான வாசிச்சாவ?" என்ற குசுகுசுப்பு என் முக்காலிவரை வந்துவிட்டது. ஒரு தலை திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கிறது. பிறகு நாலைந்து தலை. தயாளன் திரும்பவில்லை, அவன் காதுமடல் மட்டும் சிவந்துபோய் இருக்கிறது. ஐயருக்கு இதெல்லாம் தெரியாது, வந்து மூன்று மாசம்தான், அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போகிறார். வயலட் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக.

பாட்டு தொடங்கிவிட்டது. இது முடிந்தால் ஒரு ஜெபம், பெட்டியைத் தூக்குவார்கள், தூக்கினதும் நான் மணி இழுக்கவேண்டும், வயசுக்கு ஒன்றாக எழுபத்தொன்பது. எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதற்கு மட்டும் எழுந்திருக்கத் தெரிகிறது. பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள். "மாமா" என்கிறாள். "அம்மா" என்கிறேன். ஏட்டி என்று கூப்பிட வாய் வரவில்லை. ஜனம் பாடுகிற சத்தத்துக்குள் அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. "அந்த நாலு ஊசி. வேணும்னுதான விட்டீங்க?" ஆமாம் என்று சொல்லலாம். ஒரே சொல். எனக்குத் தோதாக ஆண்டவரே இலையில் வைத்துப் பரிமாறியதுபோல இருக்கிறது, ஆமாம் என்றால் போதும், இருபது வருஷமும் கழுவிப்போகும், அவளும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறாள், அவள் முகத்தில் தெரிகிறது. அழகான வரி அது. அழகா எழுதாத தம்பி. "இல்லம்மா" என்கிறேன். "மாத்த மறந்துட்டேன்." அவள் என்னையே பார்க்கிறாள். அக்காவின் கண் அப்படியே. "அன்னைக்கு, நாந்தான் எழுதுனேன்னு சொல்லிட்டு இருவது வருசம் இருந்துட்டேன்" என்கிறாள். "இத நீங்க வேணும்னுதான் விட்டீங்கன்னு எனக்குள்ள சொல்லிக்கிடுதேன். இருந்துட்டுப் போகுது மாமா." கோபமாகச் சொல்லியிருக்கலாம். இழவு வீட்டில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறதுபோலச் சொல்கிறாள். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். நான் முதல் மணியை இழுக்கிறேன், கயிறு மேலே போகும்போது என் இரண்டு கையையும் சேர்த்துத் தூக்குகிறது. "சட்டப்பையில ஒரு காயிதம் இருக்கு. எடுத்துக்கோ" என்கிறேன். மூன்று. நாலு. அவள் கையை நீட்டி என் நெஞ்சிலிருந்து அதை எடுக்கிறாள், பிரிக்கிறாள், வேர்வையில் ஒட்டின மடிப்பை நகத்தால் நீவுகிறாள். பெட்டி அவளைத் தாண்டிப் போகிறது, தயாளன் தாண்டிப் போகிறான், போகும்போது ஒரு கணம் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கரி என்ற அந்த ஒரு வரி அப்போதுதான் அவன் கண்ணில் வந்து போனதா, என் பயமா, தெரியவில்லை, சொல்லவேண்டும், இன்றைக்கில்லாவிட்டாலும் சொல்லவேண்டும், அது என் வரிதான் தயாளா என்று. பதினேழு. வெயிலுக்குள் ஜனம் இறங்குகிறது. அவள் போகவில்லை. வாசற்காலில் சாய்ந்து வாசிக்கிறாள், உதடு அசைகிறது, விரல் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கோயில் நிறைய ஜனம் கேட்டிருக்கவேண்டிய பேர். யாருமில்லாத கோயிலில் உதட்டுக்குள் வாசிக்கிறாள், மணிச்சத்தத்தில் அவளுக்கே கேட்காது. சின்னப் புள்ளி வைத்த கைதான் இந்தக் கயிற்றையும் இழுக்கிறது. இருபத்தெட்டு. இருபத்தொன்பதா? முப்பத்தொன்று இழுத்தேனா, அது போன இழுப்பா, கண் மறைக்கிறது, எண்ணிக்கை நழுவிவிட்டது, இத்தனை வருஷத்தில் ஒரு சாவுக்கும் நழுவினதில்லை, நான் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன், மணி தன்பாட்டுக்கு மேலே ஆடி அடங்கப்போகிறது.

"முப்பத்தி நாலு மாமா" என்கிறாள், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

முப்பத்தைந்தை இழுத்தேன்.